காட்ஸில்லாவுக்கு உயிர் கொடுத்தவர்

வாலைச் சுழற்றி ஊரையே தரைமட்டமாக்கும் காட்ஸில்லாவை நம்மில் தெரியாதவங்க யாரு? ஆனால் அதை உருவாக்கிய கை யாருடையது என்று கேட்டால் முழிப்போம். அவர் பெயர் எய்ஜி சுபுராயா. நம்மைப் போலவே டெக்னிக்கல் படிப்பு படித்தவர்தான்!

1901-ல் ஜப்பானின் சுககாவா என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். சின்ன வயசிலேயே ஆகாய விமானப் பைத்தியம். ஆசைப்பட்டு ஹனேடாவில் விமானப் பள்ளியில் சேர்ந்தார். 1917-ல் ஆசிரியர் விமான விபத்தில் இறந்துபோக, பள்ளியையே மூடிவிட்டார்கள். கனவு போச்சே என்று உட்கார்ந்துவிடவில்லை. டோக்கியோவில் எலெக்ட்ரிகல் பள்ளியில் படித்தார். 1919-ல் சினிமா கேமராவைத் தொட்டார்.

1933-ல் வந்த 'கிங் காங்' அவரை உலுக்கிவிட்டது. சின்ன பொம்மைக் குரங்கைத் துளித்துளியாய் நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்த படம் அது. சுபுராயா அந்தப் படத்தின் பிரதி ஒன்றை வாங்கி, ஃபிரேம் ஃபிரேமாக ஆராய்ந்தார். நாமும் இப்படி ஒன்று செய்யணும் என்ற ஆசை அப்போதே விழுந்தது.

ஆனால் நடுவில் போர் வந்தது. 1942-ல் பேர்ல் துறைமுகத் தாக்குதலைப் பெருமையாகக் காட்டும் படத்துக்கு பொம்மைக் கப்பல், பொம்மை விமானம் எல்லாம் செய்து கொடுத்தார். ஜப்பான் தோற்றது. போர்ப் படங்களில் வேலை செய்த குற்றத்துக்காக 1948-ல் டோஹோ ஸ்டுடியோவை விட்டு வெளியேற்றப்பட்டார். திரும்பி வரச் சில வருஷம் ஆச்சு.

1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 23 பேர் இருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் காட்ஸில்லா. கிங் காங் முறையில் எடுக்கவே சுபுராயாவுக்கு ஆசை. ஆனால் அதற்கு வருஷக்கணக்கில் ஆகும்; படமோ நவம்பரில் வெளிவர வேண்டும்! எனவே ஆளுக்குள் ஆள் நுழைகிற மாதிரி ரப்பர் உடை. முதல் உடை சுமார் 100 கிலோ! உள்ளே நடிகர் ஹருவோ நகாஜிமா. சுற்றி 25-ல் ஒரு பங்கு அளவில் டோக்கியோ நகரம்.

இங்கேதான் நம்ம அப்ளைடு மெக்கானிக்ஸ் வருகிறது. 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட சுமார் 3.2 விநாடி ஆகும். 2 மீட்டர் மாடலிலோ 0.64 விநாடிதான். அப்படியே எடுத்தால் பொம்மை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். 25-ன் வர்க்கமூலம் 5. அதனால் கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்து, திரையில் சாதாரண வேகத்தில் போட்டால் கட்டிடம் மெதுவாக, கனமாகச் சரியும். வேகமாக ஓட்டினால் ஃபிலிமுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டுமே! விளக்குகளின் சூட்டில் ரப்பருக்குள் நகாஜிமா வெந்தே போனார்.

1954 நவம்பர் 3-ல் படம் வெளியானது. போரைப் புகழ பொம்மைக் கப்பலைக் கொளுத்திய அதே கை, 12 வருஷம் கழித்து, போரின் கொடுமையைக் காட்ட பொம்மை டோக்கியோவைக் கொளுத்தியது. கைத்தொழில் ஒன்றுதான், எதற்காகச் செய்கிறோம் என்பதுதான் வேறு.

1966-ல் 'அல்ட்ராமேன்' தந்து குழந்தைகளையும் கவர்ந்த சுபுராயா, 1970 ஜனவரி 25-ல் மறைந்தார். லேப்பில் அது இல்லை, இது இல்லை என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது, இருந்த ரப்பரிலும் மூங்கிலிலும் ஒரு கணக்கைச் சேர்த்து உலகையே மிரள வைத்த இந்த மனிதரை நினைத்துக்கொள்வோமே!