ரோட்டுக் காசு எங்கே போச்சு? 1852-லேயே கணக்கு கேட்ட மதராஸ்காரர்!

தாம்பரம், சிட்லபாக்கம், பல்லாவரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. பாதாளச் சாக்கடைக்குன்னு ஒரு தடவை தெருவைத் தோண்டுவாங்க. குடிநீர்க் குழாய்க்கு இன்னொரு தடவை, மின்வாரிய கேபிளுக்கு மறுபடியும் ஒரு தடவை. நடுவில் புது ரோடு போடுவாங்க, அடுத்த மழைக்கே ஜல்லி வெளியே தெரியும். யாரைக் கேட்டாலும், அது எங்க துறை இல்லைங்கன்னு பதில் வரும். சொத்து வரி கட்டுறவர் மனசில் அப்போது எழும் கேள்வி ஒன்றுதான்: நாம் கொடுத்த காசுக்கு யார் கணக்கு சொல்வது?

இந்தக் கேள்விக்கு 170 வயதுக்கு மேல் ஆகிறது. மதராஸிலிருந்து இதை லண்டன் நாடாளுமன்றம் வரை கொண்டுபோனவர் ஒரு வியாபாரி. பெயர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தவர்கள் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கியவர் என்று ஒரு வரியில் இவரைக் கடந்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது பெரிய கதை.

யார் இவர்?

1806-ல் மதராஸில் பிறந்தவர். அப்பா அவுரி வியாபாரத்தில் நல்ல நிலையில் இருந்தார். மகனும் அதே தொழிலுக்கு வந்து, துணி வணிகத்திலும் இறங்கி நன்றாகவே சம்பாதித்தார். வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால், ஊர் விஷயங்களில் தலையிடும் குணம் அவருக்கு இருந்தது.

முதலில் அவர் கையில் எடுத்தது பத்திரிகை. 1844-ல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு இதழை வாங்கி, ‘கிரசென்ட்’ என்று பெயர் மாற்றி ஆங்கிலத்தில் நடத்தினார். ஆசிரியராக ஹார்லி என்ற ஆங்கிலேயரை அமர்த்தினார். அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக்கும் முயற்சி நடந்தபோது, 1846-ல் மதராஸில் பெரிய கூட்டம் கூட்டி எதிர்ப்பு மனு அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். அரசு அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தது.

1852-ல் என்ன நடந்தது?

அப்போது நாட்டை ஆண்டது கிழக்கிந்திய கம்பெனி. ஆளும் உரிமைக்கான சாசனத்தை 20 வருஷத்துக்கு ஒரு முறை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புதுப்பிக்கும். 1833-க்கு அப்புறம் அடுத்த தேதி 1853. கம்பெனி என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று நாடாளுமன்றமே உட்கார்ந்து விசாரிக்கும் நேரம் அது. இன்றைக்குத் தேர்தல் நேரத்தில் ரோடு பிரச்சினையைக் கிளப்புகிறோம் அல்லவா? கிட்டத்தட்ட அதே கணக்குத்தான்.

1852 பிப்ரவரியில் லட்சுமிநரசு, சீனிவாசப் பிள்ளை முதலியோர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதலில் கல்கத்தாவில் இருந்த சங்கத்தின் கிளையாக இருந்தது, அதே வருஷம் தனியாகப் பிரிந்து சென்னைவாசிகள் சங்கம் ஆனது. மதராஸ் மாகாணத்தின் முதல் அரசியல் அமைப்பு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான். வருஷக் கடைசியில் அந்தச் சங்கம் நாடாளுமன்றத்துக்கு ஒரு நீண்ட மனு அனுப்பியது.

மனுவில் இருந்த புகார்கள் இன்றைக்கும் புரியக்கூடியவை. நில வரி தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறது. தறி, கடை, கைத்தொழில் எல்லாவற்றுக்கும் மோத்தர்பா என்ற வரி தனியாக இருக்கிறது. வழக்கு போட்டால் இழுத்துக்கொண்டே போகிறது. இவ்வளவு வசூல் செய்தும் சாலை, பாலம், பாசனம், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்குப் போதுமான செலவு செய்யவில்லை. வாங்குகிற காசுக்கு ஊருக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான் மனுவின் சாரம்.

ரோட்டுக்காக ஏன் இவ்வளவு கோபம்?

அன்றைக்குச் சரக்குப் போக்குவரத்து என்றால் மாட்டு வண்டி, அல்லது பொதி மாடு. தென்னிந்தியாவில் ரயில் ஓடத் தொடங்கியதே 1856-ல்தான், ராயபுரத்திலிருந்து. சரியான சாலை இல்லாத ஊரில் மழைக்காலத்தில் வண்டி நகராது. ஒரு மாவட்டத்தில் நெல் மிஞ்சிக் கிடக்கும், அடுத்த மாவட்டத்தில் பட்டினி இருக்கும். 1833-ல் குண்டூர் பக்கம் வந்த பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அது அந்தத் தலைமுறைக்கு மறக்கவில்லை. அவர்களுக்கு ரோடு சோற்றுப் பிரச்சினையாக இருந்தது.

கம்பெனிக்கும் இது தெரியும். பொதுப்பணிகளின் நிலையை ஆராய மதராஸில் ஒரு குழு போட்டிருந்தார்கள், 1852-ல் அது அறிக்கையும் கொடுத்தது. கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டிய பொறியாளர் ஆர்தர் காட்டனும், பொதுப்பணிக்குச் செலவு செய்யத் தயங்கும் அரசை வெளிப்படையாகவே விமர்சித்து எழுதினார். ஆனால், அவர்கள் உள்ளே இருந்து பேசியவர்கள். வரி கட்டுகிறவர்கள் பக்கமிருந்து, அமைப்பாகத் திரண்டு கேட்டதுதான் லட்சுமிநரசு செய்த புது விஷயம்.

மனு என்ன ஆச்சு?

நேர்மையாகச் சொன்னால், கேட்டது கிடைக்கவில்லை. 1853-ல் நாடாளுமன்றத்தில் மனு பற்றிப் பேச்சு வந்தது. ஆனாலும் கம்பெனியின் ஆட்சி நீட்டிக்கப்பட்டது. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று கம்பெனி தரப்பு சமாளித்தது. ஆதாரம் எங்கே என்பதுதான் மனு போட்டவர்கள் முன்னால் நின்ற கேள்வி.

லட்சுமிநரசு மனுவோடு நிறுத்திக்கொள்ளாமல் இருந்தது இந்த இடத்தில் கைகொடுத்தது. இந்தியச் சீர்திருத்தத்தில் அக்கறை கொண்ட டேன்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1853 கடைசியில் மதராஸ் வந்தார். அவரை மாவட்டங்களுக்கு அழைத்துக்கொண்டு போய், கிராமங்களைக் காட்டினார் லட்சுமிநரசு. வரி பாக்கிக்காக விவசாயிகளைச் சித்திரவதை செய்வதைப் பற்றி, பாதிக்கப்பட்டவர்கள் வாயாலேயே சீமோர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

1854 ஜூலையில் லண்டனில் இந்த விவகாரம் வெடித்தது. வேறு வழியில்லாமல் மதராஸில் சித்திரவதை ஆணையம் அமைத்தார்கள். மூன்று பேர் கொண்ட ஆணையம். அதில் ஒருவர், அரசை விமர்சித்து வந்த வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன். 519 பேர் நேரில் வந்தும், 1,440 பேர் கடிதம் மூலமும் புகார் கொடுத்தார்கள். விரல்களை நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது என்று ஒவ்வொரு கொடுமையும் பதிவானது. வரி வசூலிலும் காவல் பணியிலும் சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று 1855-ல் ஆணையம் அறிக்கை கொடுத்தது. வெள்ளைக்கார அதிகாரிகள்மீது பழி விழாமல் அது பார்த்துக்கொண்டது, அது வேறு கதை.

அதன் பிறகு வந்த மாற்றங்களில் முக்கியமானது 1859-ன் மதராஸ் காவல் சட்டம். வரி வசூலிக்கும் அதிகாரியே போலீஸாகவும் இருந்த நிலையை மாற்றி, காவல் துறையைத் தனியாக்கினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து குறைகளைச் சேர்த்து எழுதிய மனு விவாதத்தோடு முடிந்தது. ஊர், ஆள், நடந்த விதம் என்று ஆதாரத்தோடு போன ஒரு புகார் ஆணையத்தையே உட்கார வைத்தது.

அப்போ ரோடு?

1850-களின் நடுவில் பொதுப்பணித் துறை தனித் துறையாக உருவானது. மோத்தர்பா வரி பிறகு நீக்கப்பட்டது. 1866-ல் சாலைக்கென்றே மாவட்ட அளவில் ஒரு தனி வரி போட்டார்கள். 1871-ல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்து, சாலை, பள்ளி, சுகாதாரச் செலவுகள் உள்ளூர் வாரியங்களுக்குப் போயின. இவை எல்லாமே இவரால் வந்தவை என்று சொல்ல முடியாது. ரோட்டுக்கு வாங்கும் காசு தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் வலுத்தது என்று சொல்லலாம். அப்போது தாம்பரம், செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை தாலுகாவில் ஒரு கிராமம். அதன் வழியே தெற்கே போன பெருஞ்சாலைதான் நாம் தினமும் மாட்டிக்கொள்ளும் ஜிஎஸ்டி ரோடு.

அவர் அப்பழுக்கற்றவரா?

அப்படிச் சொல்ல முடியாது. சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வணிகர்கள். மதம் மாறியவர்களுக்கும் குடும்பச் சொத்தில் உரிமை உண்டு என்று கம்பெனி சட்டம் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்தவர்களின் பக்கம் இவர் நின்றார். இன்றைய கண்ணோட்டத்தில் அதை ஆதரிப்பது கஷ்டம். ஆனால், விவசாயி பட்ட அடியை லண்டன் வரை கொண்டுபோனதும் அதே மனிதர்தான்.

1858-ல் கம்பெனி ஆட்சி முடிந்து, அரசியின் ஆட்சி வந்தது. தொந்தரவு கொடுப்பவராகப் பார்க்கப்பட்டவருக்கு 1861-ல் அரசே பட்டம் கொடுத்தது. 1863-ல் மதராஸ் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். ஆனால், பொதுக் காரியத்துக்கும் பத்திரிகைக்கும் சொந்தப் பணம் கரைந்தபடியே இருந்தது. 1868-ல் இறந்தபோது கையில் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அவருக்குப் பிறகு சங்கமும் செயலிழந்தது. ஒரே ஆளின் காசையும் உழைப்பையும் நம்பி நின்ற அமைப்புக்கு நேர்ந்த கதி அது.

சரி, இன்னிக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?

லட்சுமிநரசுவுக்கு ஓட்டு கிடையாது, கணக்கைப் பார்க்கும் உரிமையும் கிடையாது. நமக்கு இரண்டும் உண்டு.

முதலில், ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தாம்பரம்–வேளச்சேரி சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். உள் தெருக்கள் மாநகராட்சிக்குச் சொந்தம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத்தான் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மொத்தம் 70 வார்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சிலர். உங்கள் தெரு எந்த வார்டில் வருகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், பழுதானால் எத்தனை வருஷம் வரை அவர் சரிசெய்ய வேண்டும், பில் எப்போது பாஸ் ஆனது என்று தனித்தனியாகக் கேளுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

மூன்றாவது, ஒவ்வொரு வார்டிலும் ஏரியா சபை. இதற்கான விதிகள் 2022-ல் வந்தன. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது அடுக்கு போட வேண்டும் என்று அரசு ஏற்கெனவே அறிவுறுத்தியிருக்கிறது. அப்படிச் செய்யாததால்தான் ரோடு உயர்ந்துகொண்டே போய், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. உங்கள் தெருவில் அந்த உத்தரவு பின்பற்றப்பட்டதா? தேதி போட்ட போட்டோவோடு சபையில் கேளுங்கள், கேட்டது பதிவேட்டில் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

ஊரே மோசம், ரோடே சரியில்லை என்று சொல்லும் புகாரை ஒதுக்கிவைப்பது சுலபம். எந்தத் தெரு, எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று எழுதியிருக்கும் தாளுக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தத் தாளில் தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், ஒரே ஆளின் தலையில் பாரம் விழாமலும் இருக்கும்.