பொய்கையில் அப்பச்சன் கேட்ட ரட்சிப்பு

கோயிலுக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் சேரிக்காரனுக்குக் கிடைக்கிற வாக்குறுதி ஒன்றுதான். இப்போது பொறுத்துக்கொள், செத்த பிறகு எல்லாம் சரியாகிவிடும். ஒரு இடத்தில் அதற்கு மறுபிறவி என்று பெயர், இன்னொரு இடத்தில் பரலோகம் என்று பெயர். இந்த வாக்குறுதியை மடக்கிப்பிடித்துக் கேள்வி கேட்ட ஒருவரைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம்.

அவர் பொய்கையில் யோகன்னான். மக்கள் அப்பச்சன் என்று கூப்பிட்டார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் முன்பு எந்த ராஜ்யத்தில் இருந்ததோ, அதே திருவிதாங்கூரில் பிறந்தவர். அய்யன்காளியைத் தெரிந்துவைத்திருக்கிற நம் மாணவர்களில் பலருக்கு, அதே காலத்தில் வாழ்ந்த இவரைத் தெரியாது. அந்தக் குறை நம்முடையதுதான்.

திருவல்லாவுக்குப் பக்கத்தில் இரவிபேரூர் என்ற ஊர். 1879 பிப்ரவரி 17 அன்று கண்டன், லேச்சி என்ற பறையர் குலத் தம்பதிக்குப் பிள்ளையாகப் பிறந்தார். வைத்த பெயர் குமாரன். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அரசாணை வந்தது 1855ல். இவர் பிறந்தது அதற்கு 24 வருஷம் கழித்து. ஆனாலும் குடும்பம் ஒரு சிரியன் கிறிஸ்தவ நிலக்காரர் வீட்டுக்குக் கட்டுப்பட்டே கிடந்தது. அரசாணை தாளில் இருந்தது, மண்வெட்டி கையில் இருந்தது. அந்தத் தலைமுறையின் பெரியவர்களுக்கு, மனிதர்களை விற்றதும் வாங்கியதும் கேள்விப்பட்ட கதை அல்ல, உடம்பில் பட்ட அனுபவம்.

எசமான் வீட்டார் மார்த்தோமா சபைக்காரர்கள். அவர்கள் வழியாகக் குமாரனுக்கும் ஞானஸ்நானம் கிடைத்து, யோகன்னான் என்று பெயர் மாறியது. எழுத்துக் கற்று வேதாகமத்தை வாசிக்கத் தொடங்கினார். அடிமை வீட்டுப் பையன் ஒருவன் தானே புத்தகத்தைப் பிரித்து வாசிப்பது அன்று சின்னச் செய்தி அல்ல. பாட்டுக் கட்டவும் வரும், கூட்டத்தைக் கட்டிப்போடவும் வரும். சீக்கிரமே ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார்.

அவர் பிரசங்கித்த போதனையை இங்கே கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். மனிதன் பாவி. பாவத்தின் சம்பளம் மரணம். இயேசு அந்தத் தண்டனையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு சிலுவையில் மரித்தார், உயிர்த்தெழுந்தார். அவரை விசுவாசிக்கிறவனுக்கு நித்திய ஜீவன் உண்டு. இது அவனுடைய சம்பாத்தியம் அல்ல, கிருபையாகக் கிடைப்பது. சுத்தம், தீட்டு, பிறப்பு என்ற கணக்கெல்லாம் இதில் அடிபட்டுப் போக வேண்டும். தலித்துகள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்குப் போனதற்கு அரிசியும் பால்பவுடரும்தான் காரணம் என்று சிலர் இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். உன் ஆத்துமாவும் எசமானின் ஆத்துமாவும் ஒரே விலை என்று காதில் விழுந்த முதல் சொல்லுக்கு இருந்த பலத்தை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

யோகன்னான் அதை நம்பினார். நம்பியதால்தான் சபைக்குள் பார்த்தது அவரைச் சுட்டது. பரலோகத்தில் எல்லாரும் ஒன்று. பூமியில் புலயனுக்கும் பறையனுக்கும் தனிக்கூட்டம், தனி இடம், செத்தால் தனிக் கல்லறை. ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட பிறகும் பெயருக்கு முன்னால் சாதி ஒட்டிக்கொண்டே வந்தது. மார்த்தோமா சபையை விட்டார். பிரதரன் சபையில் சேர்ந்தார். முழுக்கு ஞானஸ்நானமும் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையும் அங்கே அழுத்தமாகப் பேசப்பட்டன. சாதி அங்கேயும் உட்கார்ந்திருந்தது. அதையும் விட்டார்.

பிறகுதான் அந்தக் கேள்வி. புதிய ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ரோமருக்கு ஒரு நிருபம் இருக்கிறது, கொரிந்தியருக்கு இருக்கிறது, கலாத்தியருக்கு இருக்கிறது, திருவிதாங்கூர்ப் புலயருக்கும் பறையருக்கும் என்று ஒன்று இருக்கிறதா என்று ஜனங்களைக் கேட்டாராம். வேதப் படிப்புள்ளவர்கள் இதற்குப் பதில் சொல்லலாம். கலாத்தியருக்கு எழுதிய அதே நிருபத்தில் அடிமை, சுயாதீனன் என்ற பேதத்தைப் பவுல் அழித்துவிட்டாரே என்று காட்டலாம். யோவான் சுவிசேஷத்தில் நித்திய ஜீவன் என்பது செத்த பிறகு தொடங்குவது அல்ல, தேவனை அறிகிற இப்போதே தொடங்குவது என்றும் காட்டலாம். இரண்டுமே சரிதான். ஆனால் அந்த வசனங்களைப் பிரசங்க பீடத்தில் வாசித்தவர்கள்தான் கல்லறைத் தோட்டத்தையும் பங்குபோட்டு வைத்திருந்தார்கள். கோட்டயத்துக்குப் பக்கம் வாகத்தானத்தில் வேதாகமத்தைத் தீயில் போடச் சொன்னார் என்பது அவர் வாழ்க்கையில் பலரும் பேசுகிற சம்பவம். நம் வாசகர்களில் சிலருக்கு இது வலிக்கும், தெரியும். அந்தப் புத்தகத்தை நேசித்து, அதற்காக ஊர் ஊராக நடந்த ஒருவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

1909ல் தனியாகத் தொடங்கினார். பெயர் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபா. பிரத்யட்சம் என்றால் கண்ணுக்கு முன்னால் தெரிவது. ரட்சிப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதைச் சபையின் பெயரிலேயே எழுதிவைத்தார்.

அந்தச் சபையில் ரட்சா நிர்ணயம் என்று ஒரு கூட்டம் நடக்கும். மணிக்கணக்காகப் போகும். அதில் சொல்லப்பட்டது ஆதாம் ஏவாளின் பாவக் கதை அல்ல, அடிமைகளின் கதை. மாட்டோடு சேர்த்து நுகத்தில் பூட்டி உழவைத்தது, அப்பனை ஒருவனுக்கும் அம்மாவை வேறொருவனுக்கும் விற்றது, பெற்றவர்களைக் காணாமல் பிள்ளைகள் பசியோடு காட்டில் அலைந்தது. கேட்டவர்கள் கதறி அழுவார்கள். புலயர், பறையர், குறவர் என்று தனித்தனியாகக் கிடந்தவர்கள் ஒரே அழுகையில் ஒரே பிள்ளைகளானார்கள். அழுது முடித்த பிறகே ரட்சிப்பின் சந்தோஷம். தன் குலத்தைப் பற்றி எங்கேயும் ஓர் எழுத்துகூட எழுதப்படவில்லையே என்ற ஆற்றாமை அவர் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும். எழுதாத வரலாற்றை இப்படிப் பாட்டாகவும் ஒப்பாரியாகவும் ஜனங்களின் நெஞ்சில் பதித்தார். தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நமக்கு இது புதிதாகப் படவில்லை. இழவு வீட்டில் நம் அம்மாக்கள் செய்துவந்த வேலையைத்தான் அவர் சபையில் வைத்துச் செய்தார்.

பாவம் செய்தவனுக்கு மன்னிப்பு வேண்டும், சரி. பாவம் செய்யப்பட்டவனுக்கு என்ன வேண்டும்? அவர் இறையியலை இப்படித்தான் நாம் புரிந்துகொள்கிறோம்.

இந்தக் கூட்டங்கள் நிம்மதியாக நடக்கவில்லை. மேல்சாதியார், கிறிஸ்தவ மேல்சாதியாரும் சேர்த்துத்தான், தாக்கினார்கள். அவர் நிற்கவில்லை. சபைக்கு நிலம் வாங்கினார், பள்ளிக்கூடம் திறந்தார். 1921லும் 1931லும் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அங்கே போய்ப் பரலோகம் பற்றிப் பேசவில்லை. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்பையும் நிலமில்லாதவர்களுக்கு நிலத்தையும் கேட்டார்.

1939 ஜூன் 29 அன்று காலமானார். வயது 60. பின்னாளில் சபையை அவர் மனைவி ஜானம்மா தலைமையேற்று நடத்தினார். சபையார் அவரையே தெய்வமாக, ஸ்ரீகுமார குருதேவனாக வணங்குகிறார்கள். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. தெய்வமாக்கிவிட்டால் அவர் கேட்ட கேள்விகளை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற பயம் நமக்கு உண்டு. ஆனால் எசமானின் தெய்வத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த ஒரு கூட்டம் தன் சொந்தப் பிள்ளையைத் தெய்வம் என்று கும்பிடுவதை வெளியே நின்று குறை சொல்லவும் வாய் வரவில்லை.

அவர் பிறந்த இரவிபேரூரில்தான் சபையின் தலைமையிடம் இருக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவர் பிறந்தநாளுக்கு அங்கே ஜனங்கள் கூடுகிறார்கள். அந்தப் பாடல்களை இன்றும் பாடுகிறார்கள்.