இரைச்சலோட சண்டை போட்ட ஆம்ஸ்ட்ராங்

மூணு ரூம்ல மூணு வயர்லெஸ் ஸ்பீக்கர் வச்சிருக்கீங்க. கிச்சன்ல மைக்ரோவேவ் ஓடினா ஒண்ணு மட்டும் திக்குது. உடனே ரவுட்டர் சேனலை 1, 6, 11-னு மாத்திப் பாப்பீங்க. இல்லைன்னா 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவுவீங்க. இந்த இரைச்சலோட வாழ்க்கை முழுக்க மல்லுக்கட்டின ஒருத்தர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். நிலவுல நடந்தவர் இல்ல, எஃப்.எம். ரேடியோவைத் தந்தவர்.

1890-ல் நியூயார்க்கில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்துல நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தப்பவே, 1912-ல், ரீஜெனரேட்டிவ் சர்க்யூட்டைக் கண்டுபிடிச்சார். பலவீனமான சிக்னலை வால்வுக்கே திரும்பத் திரும்ப ஊட்டிப் பெருக்கும் சர்க்யூட் அது. முதல் உலகப் போருக்காக பாரிஸில் இருந்தபோது, 1918-ல், சூப்பர்ஹெட்டரோடைன். லேப் ரெக்கார்டுல நாம வரைஞ்ச அதே பிளாக் டயக்ராம்தான்!

அடுத்து இரைச்சல். மின்னலும் மோட்டாரும் அலையின் உயரத்தைத்தான் அதிகம் கெடுக்கும். ஏ.எம்.-ல பாட்டு இருப்பதும் அதே உயரத்தில்தான். ஆம்ஸ்ட்ராங் பாட்டை அதிர்வெண்ணுக்கு மாத்தினார். ரிசீவர்ல லிமிட்டர் வச்சு உயரத்தைச் சீவிட்டார். பேண்ட் குறுகினாத்தான் இரைச்சல் குறையும்னு மத்தவங்க நம்பின காலத்துல, அவர் அதை அகலமாக்கினார். 1933-ல் காப்புரிமை. 1934-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து சோதனை. வேலை செஞ்சது.

அதுக்கப்புறம் வந்த கோளாறு எதுவும் சர்க்யூட்ல இல்ல. அதே 1934-ல் ரீஜெனரேட்டிவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் லீ டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்பு சொன்னது. ரேடியோ இன்ஜினியர்கள் சங்கம் முன்னாடி தந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அவங்க வாங்க மறுத்துட்டாங்க. 1935-ல் டிவி வேலைக்காக ஆர்.சி.ஏ. கம்பெனி அவரைக் கட்டடத்திலிருந்து காலி செய்யச் சொன்னது. சொந்தக் காசில் நியூ ஜெர்சியின் ஆல்பைனில் கோபுரம் கட்டினார். 1945-ல் அரசு எஃப்.எம். பேண்டையே 88–108 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்த்த, பழைய செட்டெல்லாம் வீணாச்சு. 1948-ல் ஆர்.சி.ஏ. மேல வழக்கு போட்டார். அது வருஷக்கணக்கா இழுத்தது. பணம் கரைஞ்சது, மனைவியும் பிரிஞ்சாங்க. 1954 ஜனவரி 31 இரவு தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார்.

ஆனா மனைவி மரியன் விடல. ஆர்.சி.ஏ.வோட சமரசம் ஆன பிறகும் மத்த கம்பெனிகள் மேல வழக்கு நடத்தி, 1967-ல் கடைசி வழக்கையும் ஜெயிச்சாங்க. பாவம், அதைப் பாக்க அவர் இல்ல.

உங்க ப்ளூடூத் ஸ்பீக்கரோட அடிப்படை முறையும் அதிர்வெண்ணை மாத்தித்தான் தகவல் அனுப்புது. அது திக்கினா சேனலை மாத்துங்க. மனசு திக்கினா, தனியா உக்காந்திருக்காம பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க.