எவரெஸ்ட் வீரர் டென்சிங் நோர்கே

இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தலை வழியாகச் சிவனொளிபாதமலை ஏறியவர்கள் நம்மிற் பலர் உளர். பாதி வழியில் மூச்சு வாங்கி, முழங்கால் நடுங்கி, கைத்தடியை ஊன்றி நின்ற அனுபவம் அவர்களுக்குத் தெரியும். அம்மலையின் உயரம் 7,359 அடி. அத்தகைய மலைகள் நான்கை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் ஏறத்தாழ எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் வரும். 2020ஆம் ஆண்டு நேபாளமும் சீனமும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி அது 8,848.86 மீற்றர், அதாவது சுமார் 29,032 அடி.

அச்சிகரத்தின் உச்சியில் முதன்முதலாக நின்ற இருவரில் ஒருவர் நியூசிலாந்து நாட்டிலே தேனீ வளர்த்து வாழ்ந்த எட்மண்ட் ஹில்லாரி. மற்றவர் டென்சிங் நோர்கே. அவர் எழுதப் படிக்கக் கல்லாதவர். பிழைப்புத் தேடி, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த டார்ஜிலிங்குக்கு வந்து, நாட்கூலிக்குச் சுமை தூக்கியவர். கூடையும் வாளியும் சுமந்து மலைச்சரிவிலே தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் நம்மவர்க்கு இவருடைய சரித்திரம் அந்நியமானதன்று.

டென்சிங் ஷேர்ப்பா இனத்தவர். ஷேர்ப்பா என்றால் கிழக்குத் திசை மக்கள் என்று பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் திபெத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்து, நேபாளத்தில் எவரெஸ்ட்டின் தென்புறத்தே குடியேறியவர்கள் அவர்கள். அவர்களுடைய கிராமங்கள் சில பன்னிரண்டாயிரம் அடிக்கும் மேலே உள்ளன. அங்கே நெல் விளையாது. வாற்கோதுமையும் உருளைக்கிழங்கும்தான் ஆகாரம். சடைமாடுகளே பாலுக்கும், உரோமத்துக்கும், பாரம் சுமப்பதற்கும் துணை. சுமார் 18,700 அடி உயரத்திலுள்ள நாங்பா கணவாயைக் கடந்து திபெத்துக்குத் தானியம் கொண்டுபோய், உப்பும் கம்பளியும் மாற்றி வருவது அவர்களுடைய பழைய வியாபாரம். நமக்கு எவரெஸ்ட் என்றும் சாகர்மாதா என்றும் தெரிந்த சிகரம் அவர்களுக்குச் சோமோலுங்மா, தாய்த் தெய்வம். அதை வணங்கினார்களேயன்றி, அதன்மேல் ஏற வேண்டும் என்று அவர்கள் எண்ணியதில்லை.

இவர் 1914ஆம் ஆண்டு பிறந்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் பதினோராமவர். அக்குழந்தைகளிற் பலர் சிறு வயதிலேயே இறந்தனர். பெற்றோர் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்துப் பெரிய லாமாவே அதை டென்சிங் நோர்கே என மாற்றினார். பிள்ளையைத் துறவியாக்கலாம் என்று ஒரு மடத்திற் சேர்த்தனர். அங்கே லாமா ஒருவர் பலகையால் தலையில் அடித்துவிடவே, வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். மடத்துக்கு அது நஷ்டமோ என்னவோ, மலைக்கு லாபமாயிற்று. பதினெட்டு வயதில், 1932இல், டார்ஜிலிங்குக்குப் போய் முதலில் மாடு மேய்த்தார்.

அந்நாளில் எவரெஸ்ட்டில் ஏற வந்த ஆங்கிலேயர் டார்ஜிலிங்கிலேதான் சுமையாட்களைத் தெரிந்தெடுப்பார்கள். 1933இல் டென்சிங்கை வேண்டாமென்று தள்ளிவிட்டனர். 1935இல் எரிக் ஷிப்டன் அவரைச் சேர்த்துக்கொண்டார். அது எத்தகைய வேலை என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். கூடாரம், உணவு, அடுப்பு, கயிறு, பிராணவாயுக் குப்பி எல்லாவற்றையும் முதுகிலேற்றிப் பனியிலும் காற்றிலும் ஏறி, துரைமார் படுக்க இடம் அமைத்துவிட்டு இறங்க வேண்டும். மறுநாளும் அதே பாதையில் ஏற வேண்டும். 1922இல் எவரெஸ்ட்டில் பனிச்சரிவு ஏழு சுமையாட்களைக் கொண்டுபோயிற்று. 1934இல் நங்கபர்வதத்திலே ஆறு ஷேர்ப்பாக்கள் மாண்டனர். இவையெல்லாம் தெரிந்துதான் டென்சிங் போனார். கூலிக்காக மட்டும் போனாரென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் சுமையை இறக்கியதும் கீழே பார்ப்பார்கள். இவர் மேலே பார்த்தார். 1938இல் மிக உயர்ந்த முகாம் வரை பாரம் கொண்டுசென்றமைக்காக இமாலயக் கழகத்தாரின் புலிப் பதக்கம் கிடைத்தது.

பின்னர் யுத்தம் வந்தது. முதல் மனைவி 1944இல் இறந்தார். பட்ட கஷ்டங்கள் பல.

1952இல் சுவிட்சர்லாந்துக்காரர் வந்தபோது ஒரு மாற்றம் நிகழ்ந்தது. டென்சிங்கை ஷேர்ப்பாக்களின் சர்தாராக நியமித்ததோடு, மலையேறும் குழுவிலும் சமமான அங்கத்தவராகச் சேர்த்துக்கொண்டனர். சர்தார் என்பவர் நம் தோட்டத்துக் கங்காணியைப் போல ஆட்களைத் திரட்டி வேலை வாங்குபவர். ஆனால் இந்தச் சர்தார் தாமும் சுமந்தார். மே மாதம் ரேமண்ட் லாம்பேர் என்பவரும் இவரும் ஒரு சிறு கூடாரத்தில், படுக்கைப் பையுமின்றி அடுப்புமின்றி, மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கிக் குடித்து ஓர் இரவைக் கழித்தனர். மறுநாள் சுமார் 28,200 அடி வரை ஏறித் திரும்பினர். அதுவரை எவரெஸ்ட்டில் அவ்வளவு உயரம் எவரும் சென்றதில்லை.

அடுத்த ஆண்டு ஜோன் ஹன்ட் தலைமையில் பிரித்தானியர் வந்தனர். அடிவாரம் வரை 362 சுமையாட்கள் பாரம் கொண்டுசென்றனர். புறப்படுமுன்பே காத்மாண்டுவில் ஒரு மனக்கசப்பு. வெள்ளையருக்குத் தூதரகத்தில் அறைகள். ஷேர்ப்பாக்களுக்கோ மலசலகூடமில்லாத மோட்டார்க் கொட்டகை. காலையில் அவர்கள் கொட்டகைக்கு முன்னேயே சிறுநீர் கழித்துத் தங்கள் கோபத்தைத் தெரிவித்தனர். லயத்து அறைகளைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கோபம் நமக்கு விளங்கும்.

மே 26ஆம் திகதி எவன்சும் போர்டிலனும் தென்சிகரம் வரை ஏறித் திரும்பினர். அன்று ஹன்டுடன் டா நம்கியாலும், 28ஆம் திகதி லோ, கிரெகரி ஆகியோருடன் ஆங் நிமாவும் மேல்முகாமுக்காகப் பாரம் சுமந்தனர். அவர்கள் கொண்டுவந்து வைத்த பிராணவாயு இல்லையேல் உச்சி இல்லை. சுமார் 27,900 அடியில் ஹில்லாரியும் டென்சிங்கும் இரவைக் கழித்தனர். விடிந்ததும் பார்த்தால், வெளியே கழற்றி வைத்த ஹில்லாரியின் சப்பாத்துகள் கல்லாய் உறைந்திருந்தன. டென்சிங்கோ சப்பாத்தைக் கழற்றாமலே உறங்கியவர். உறைந்தவற்றை அடுப்பிற் காய்ச்சி இளக்கிக்கொண்டு, காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டனர். 1953ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி முற்பகல் பதினொன்றரை மணிக்கு உச்சியை அடைந்தனர். லாம்பேர் அன்பளித்த சிவப்புக் கழுத்துச்சால்வை டென்சிங்கின் கழுத்தில் இருந்தது. அவர் பனியைத் தோண்டி, இனிப்புப் பண்டங்களையும், மகள் நிமா கொடுத்தனுப்பிய சிறு பென்சிலையும் தாய்த் தெய்வத்துக்குக் காணிக்கையாகப் புதைத்தார். பதினைந்து நிமிடமே அங்கே நின்றனர்.

கீழே இறங்கியதும் வேறொரு சூறாவளி காத்திருந்தது. முதலில் கால் வைத்தவர் யார் என்ற கேள்வி! ஹில்லாரியை டென்சிங் கயிற்றால் இழுத்துப்போவதாகப் படம் எழுதி ஊர்வலம் விட்டனர். ஹில்லாரிக்கும் ஹன்டுக்கும் சேர் பட்டம், டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம் மட்டுமே என்றதும் பலருக்கு ஆத்திரம். 1955இல் வெளியான தம் வரலாற்றில் டென்சிங் உண்மையை உடைத்துச் சொன்னார்: சில அடி முன்னே சென்றவர் ஹில்லாரி. அதைச் சொல்வதால் தம் பெருமை குறையும் என அவர் அஞ்சவில்லை.

மற்றொரு போட்டி அவரை எந்த நாட்டவர் என்பது பற்றியது. நேபாளம் எங்கள் பிள்ளை என்றது. இந்தியா எங்கள் குடிமகன் என்றது. பிறந்தது திபெத்தில் என்று பிற்காலத்தில் அவர் மகனே எழுதினார். டென்சிங் தம்மை ஈன்றது நேபாளம், மடியில் வளர்த்தது இந்தியா என்று இருதரப்பையும் அமைதிப்படுத்தினார். பிரதமர் நேரு இந்தியக் கடவுச்சீட்டு கிடைக்கச் செய்து, தம்முடைய உடைகளையும் கொடுத்து அவரை இலண்டனுக்கு அனுப்பினார்.

அதே ஆண்டுகளில் நம் நிலை என்ன? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியிருந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்களிற் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என ஒதுக்கிற்று. ஒரு சுமையாளை இரு நாடுகள் எனக்கு எனக்கு என்று இழுத்தன. இலட்சக்கணக்கான உழைப்பாளிகளை இரு நாடுகள் உனக்கு உனக்கு என்று தள்ளின. டென்சிங்கும் சிகரம் ஏறாதிருந்தால் அவரை எந்த நாடு தேடியிருக்கும்? நம் கணக்கு முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. டென்சிங் அதன் களப்பயிற்சித் தலைவராகி, 1976 வரை இளைஞர்களுக்குக் கயிறு கட்டவும் பனியிற் படி வெட்டவும் கற்பித்தார். அவருடைய சகோதரி மகன் நவாங் கோம்பு 1963இலும் 1965இலும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்; மகன் ஜம்லிங் 1996இல் அடைந்தார். டென்சிங் 1986ஆம் ஆண்டு மே 9ஆம் திகதி டார்ஜிலிங்கில் காலமானார். அப்போது நியூசிலாந்தின் உயர்ஸ்தானிகராக டெல்லியிலிருந்த ஹில்லாரி இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார். தாம் கற்பித்த நிலையத்தின் வளவிலேயே டென்சிங்கின் உடல் தகனம் செய்யப்பட்டது.