பள்ளி ஆசிரியர் வென்று தந்த இரு தங்கங்கள்: கால்பந்துப் பயிற்சியாளர் ரஹீமின் வாழ்க்கை

ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா இதுவரை இருமுறை மட்டுமே தங்கம் வென்றுள்ளது. 1951-இல் டெல்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் கிடைத்த அவ்விரு வெற்றிகளின்போதும் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். இரண்டாவது தங்கம் கிடைத்த ஓராண்டுக்குள் அவர் காலமானார்.

1909-ஆம் ஆண்டு பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழக அணியிலும் உள்ளூர் அணிகளிலும் கால்பந்து ஆடியவர். பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியரானார். உடற்கல்வியிலும் பயிற்சி பெற்ற அவர், 1943 முதல் இறுதி வரை ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார்.

வகுப்பறையில் பாடம் நடத்துவதைப் போலவே மைதானத்திலும் அவர் ஆட்டத்தைப் படிப்படியாகக் கற்பித்தார். பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடன் போட்டிகளை நடத்தினார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தனித்து முன்னேறுவதற்குத் தடை விதிக்கும் போட்டிகளையும் ஏற்படுத்தினார். இரு கால்களாலும் ஆடவும், பந்தை விரைந்து சக வீரருக்கு அனுப்பவும் இளைஞர்கள் இவ்வாறு பழகினர்.

அதன் பலன் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியில் வெளிப்பட்டது. அவரது பயிற்சியில் அந்த அணி 1950-இல் டியூராண்ட் கோப்பையை வென்றது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையையும் கைப்பற்றியது.

தேசிய அணியின் பொறுப்பேற்ற ரஹீமுக்கு முதல் பெரும் வெற்றி 1951-இல் கிடைத்தது. டெல்லி இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த கோலால் ஈரானை 1-0 என இந்தியா வென்றது. ஆனால் அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என இந்தியா படுதோல்வி அடைந்தது. அந்த ஆட்டத்தில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அதன்பின் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது.

நான்கு ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடிக்க, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என வீழ்த்தியது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆசிய நாடு என்ற பெருமையுடன் நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் 1-1 எனச் சமன் செய்தது.

1962-இல் ஜகார்த்தா சென்றபோது ரஹீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என இந்தியா தோற்றது. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது.

மைதானத்துக்கு வெளியிலும் நெருக்கடி இருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் அனுமதிக்க மறுத்த இந்தோனேசியாவின் முடிவை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்ததால், அந்நாட்டு மக்களின் கோபம் இந்தியர்கள் மீது திரும்பியது. இந்தியத் தூதரகமும் தாக்குதலுக்கு உள்ளானது.

இந்நிலையில் ரஹீம் துணிச்சலான முடிவெடுத்தார். காயமடைந்த ஜர்னைல் சிங்கை அரையிறுதியில் முன்கள வீரராகக் களமிறக்கினார். தெற்கு வியட்நாமை இந்தியா 3-2 என வென்றது. இறுதி ஆட்டத்திலும் அதே ஏற்பாடு தொடர்ந்தது. காய்ச்சலிலிருந்து மீண்ட கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் அணிக்குத் திரும்பினார்.

செப்டம்பர் 4 அன்று எதிர்ப்பு முழக்கங்களுக்கிடையே நடந்த இறுதி ஆட்டத்தில் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோலடிக்க, முதல் ஆட்டத்தில் தங்களைத் தோற்கடித்த தென் கொரியாவை இந்தியா 2-1 என வென்றது.

சுனி கோஸ்வாமி தலைமையிலான அந்த அணியில் தமிழ் மண்ணுக்கும் கேரளத்துக்கும் பங்குண்டு. நீலகிரியின் வெலிங்டனில் உள்ள ராணுவப் பயிற்சி மையத்திலிருந்து வளர்ந்தவர் தங்கராஜ். முன்கள வீரர் துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வலப்புறத் தற்காப்பைக் கவனித்த சந்திரசேகர மேனன் இரிஞ்ஞாலக்குடாவைச் சேர்ந்தவர்.

1963 ஜூன் 11 அன்று ரஹீம் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற அவரது மகன் சையது ஷாகித் ஹக்கீம், பின்னர் சர்வதேச நடுவராகவும் பணியாற்றினார். 2024-இல் வெளியான மைதான் என்ற இந்தித் திரைப்படம் ரஹீமின் வாழ்க்கையைப் புதிய தலைமுறையிடம் கொண்டு சேர்த்தது.

ரஹீமின் மாணவரான பி.கே. பானர்ஜி பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்த 1970 பாங்காக் போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குக் கடைசியாகக் கிடைத்த பதக்கம் அதுவே.