மீட்டால் மட்டும் போதுமா? பண்டித ரமாபாய் காட்டிய வழி

பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்ட பெண்களை போலீஸ் மீட்டதாக அடிக்கடி செய்தி படிக்கிறீர்கள். சரி, மறுநாள் காலையில் இருந்து அவர்கள் வாழ்க்கை எப்படிப் போகும்? 125 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் பண்டித ரமாபாய்.

யார் இவர்?

1858-ல் இன்றைய கர்நாடகத்தில் பிறந்தவர். அம்மாவிடமே சமஸ்கிருதம் கற்றார். 16 வயதில் பஞ்சத்துக்குப் பெற்றோரைப் பறிகொடுத்து, அண்ணனோடு ஊர் ஊராக நடந்தார். 1878-ல் கல்கத்தா அறிஞர்கள் இவருக்குப் ‘பண்டிதா’ பட்டம் கொடுத்தார்கள். சாதி மாறித் திருமணம் செய்தார். 23 வயதில் கைம்பெண் ஆனார், கையில் பெண் குழந்தை. 1889-ல் மும்பையில் கைம்பெண்களுக்காக சாரதா சதனைத் தொடங்கினார்.

முகாமில் என்ன பார்த்தார்?

1896-97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களுக்குப் போனார். நிவாரண முகாம்களில் பசியோடு இருந்த இளம்பெண்களைத் தரகர்கள் குறிவைப்பதைப் பார்த்தார். தானும் பட்டினி கிடந்தவர் ஆச்சே! நூற்றுக்கணக்கானோரை அழைத்துவந்தார். புனே அருகே கேட்காவில் உருவான ‘முக்தி’ இல்லத்தில் 1900 வாக்கில் சுமார் 2,000 பேர் இருந்தார்கள்.

அங்கே என்ன நடந்தது?

பாலியல் சுரண்டலுக்கு ஆளான பெண்களுக்கு ‘கிருபா சதன்’ என்று தனி இல்லம். சோறும் கூரையும் மட்டுமல்ல. முக்தியில் படிப்பு, நெசவு, அச்சு வேலை, விவசாயம் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். படித்து முடித்தவர்கள் ஆசிரியர்களாகி அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது கவுன்சிலிங் என்ற துறையே இல்லை. ஆனாலும் பாதுகாப்பு, கைத்தொழில், பழி சொல்லாத துணை என இன்றைய மனநல நிபுணர்கள் வலியுறுத்தும் பல விஷயங்கள் அங்கே இருந்தன.

விமர்சனம் இல்லையா?

உண்டு. 1883-ல் ரமாபாய் கிறிஸ்தவரானார். 1893-ல் சாரதா சதனில் மதமாற்றச் சர்ச்சை வெடித்து, ஆதரவாளர்கள் பலர் விலகினர். அடைக்கலம் தேடி வந்தவருக்குத் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை எவ்வளவு இருந்தது என்ற கேள்வி நியாயமானதுதான்.

1922-ல் ரமாபாய் காலமானார். அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. பாதுகாப்பு இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களைக் கண்டறிந்து, விடுவிக்க நடவடிக்கை எடுக்குமாறு 2022-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

அடுத்த முறை ‘மீட்பு’ என்ற செய்தியைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: அந்தப் பெண் எங்கே தங்குகிறார்? என்ன வேலை கற்கிறார்? வேண்டாம் என்றால் வெளியே போக முடியுமா?