சுவரில் ஆளை நிறுத்திய தளபதி

சீனப் பெருஞ்சுவர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர், 1528ல் பிறந்த மிங் காலத் தளபதி சி ஜிகுவாங். தென்கிழக்குக் கரையில் கடற்கொள்ளையரை ஒடுக்கியவரை வடக்கு எல்லைக்கு அனுப்பினார்கள். அங்கே சுவர் இருந்தும், 1550ல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் பெய்ஜிங் வாசல்வரை வந்து போயிருந்தார்.

சி ஜிகுவாங் சுவர்மேல் ஆயிரத்துக்கும் அதிகமான செங்கல் கோபுரங்களை எழுப்பினார். பனியில் நின்ற வீரர்கள் இனி உள்ளேயே தங்கலாம். உணவும் ஆயுதமும் கைக்கெட்டும். அவர் இருந்த சுமார் 15 ஆண்டுகள் தலைநகருக்கு ஆபத்து வரவில்லை. 1571ல் மங்கோலியருடன் ஏற்பட்ட வணிக உடன்பாட்டுக்கும் அதில் பங்குண்டு.

ஆதரித்த அமைச்சர் 1582ல் இறந்ததும் தெற்கே மாற்றப்பட்டார். பிறகு பதவியும் போனது. 1588ல் மறைந்தார்.

அவர் காத்த எல்லையின் கிழக்கு முனைதான் ஷான்ஹாய் கணவாய். 1644ல் மஞ்சுப் படை அவ்வழியே நுழைந்தது. சுவரை யாரும் இடிக்கவில்லை. மிங் தளபதி வூ சான்குய் கதவைத் திறந்துவிட்டார்.